மடி நோயும் மரபணு மாற்றமும்

(காலடிப்பேட்டையில், கறவை மாடு வளர்ப்போர் கூட்டத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் நெசவாளருக்காக ஏற்படுத்திய ஊர் இது. காலெட் பேட்டை நம் நாவில் காலடிப்பேட்டையாகிவிட்டது. தறிக்கென அமைந்த ஊரில் நான் மாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மீஞ்சூர், சோழவரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் அன்பர்கள் வந்திருப்பது மகிழ்ச்சி தருகிறது.

முதலில் என் தவறொன்றைச் சொல்லிவிடுகிறேன். பணிக்கு வந்த புதிதில், ஓர் அம்மையாரின் ஜெர்சிக் கலப்புப் பசுவுக்கு மடி வீங்கியது. மருந்து செலுத்தினேன். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. குணமாயிற்று என்று நம்பிவிட்டேன். ஒரு மாதத்திற்குள் அதே காம்பில் பால் மறுபடியும் திரிதிரியாக வந்தது. பின்னர் அக்காம்பு அடைபட்டே போயிற்று. மூன்று காம்புப் பசு சந்தையில் என்ன விலை போகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

அந்நோய்க்குக் காரணமான கிருமிகளுள் கொடியது ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ் என்பது. இது மடியின் ஆழத்தில், மருந்து எளிதில் எட்டாத இடத்தில் பதுங்கிக்கொள்ளும். வீக்கம் வடிவதும் கிருமி ஒழிவதும் ஒன்றல்ல.

இக்கிருமியை மடிக்குள்ளேயே அழிக்க அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டார்கள். இதன் இனத்தைச் சேர்ந்த மற்றொரு கிருமி, லைசோஸ்டாபின் என்னும் பொருளைச் சுரக்கிறது. அப்பொருள் ஸ்டெபிலோகாக்கஸின் மேற்சுவரை அறுத்துவிடும்; சுவர் அறுந்த கிருமி வெடித்து மடியும். இப்பொருளைச் செய்விக்கும் மரபணுவைப் பசுவின் உயிரணுவில் சேர்த்தார்கள். அது மடியில் மட்டும் வேலை செய்யும்படி, ஆட்டின் பால் புரத மரபணுவிலிருந்து எடுத்த முடுக்கி ஒன்றையும் அதனோடு இணைத்தார்கள். இவ்வாறு 2000-ல் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் 'ஆனி' என்ற ஜெர்சிக் கன்று பிறந்தது. 2005-ல் வெளியான சோதனை முடிவைக் கேளுங்கள்: கிருமியை மடியில் செலுத்திப் பார்த்தபோது, சாதாரணப் பசுக்களின் மடிப் பகுதிகளில் நூற்றுக்கு 71 நோயுற்றன, மரபணு மாற்றிய பசுக்களில் 14 மட்டுமே.

வியப்புக்குரிய செய்திதான். ஆயினும் சோதிக்கப்பட்ட பசுக்கள் மிகச் சில. மேலும், லைசோஸ்டாபின் ஸ்டெபிலோகாக்கஸ் வகையை மட்டுமே கொல்லும். சாணத்திலும் ஈரத் தரையிலும் பெருகும் ஈ. கோலை போன்றவற்றை அது ஒன்றும் செய்யாது. அப்பாலைக் குழந்தைகள் குடிக்கலாமா என்ற கேள்வியும் உண்டு. நம் நாட்டில் மரபணு மாற்றிய எவ்வுயிரையும் 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி அரசு அனுமதியின்றி வெளிவிட முடியாது. அத்தகைய பசு எதுவும் நம் சந்தைக்கு வந்ததில்லை. 'அந்த ஊசி எப்போது வரும்?' என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. அது ஊசியன்று, பிறப்பிலேயே அமைய வேண்டிய குணம். உங்கள் கொட்டிலில் இன்று நிற்கும் பசுவுக்கு அதனால் பயனில்லை.

அப்பசுவுக்கு ஆவதைச் சொல்கிறேன். கறந்து முடிந்தபின் காம்பின் துளை சிறிது நேரம் திறந்தே இருக்கும். அந்நேரத்தில் மாடு சேற்றில் படுத்தால் கிருமி உள்ளே புகும். ஆகையால் கறந்தவுடன் தீவனம் போட்டு அரைமணி நேரம் நிற்க வையுங்கள். செலவில்லாத இவ்வேலையைத்தான் பலர் செய்வதில்லை! நோயுற்ற மாட்டைக் கடைசியில் கறந்து, கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். மருந்து செலுத்திய மாட்டின் பாலை, மருத்துவர் சொன்ன நாள்வரை விற்கலாகாது.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் எடுத்துரைக்கும் மூலிகை முறையும் உண்டு. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்தரைத்து, பாலை முழுவதும் கறந்துவிட்டு, நீர் கலந்து மடியெங்கும் நாளுக்குப் பலமுறை பூச வேண்டும். ஆனால் காய்ச்சல் கண்டாலோ, மாடு தீனி மறுத்தாலோ காத்திராமல் மருத்துவரை அழையுங்கள்.

கறுப்புத் துணி கட்டிய கிண்ணம் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். முதற் பீச்சுப் பாலை இதில் விட்டால் சிறு திரியும் கண்ணுக்குத் தெரியும். பக்கத்துத் தெருவில் மாலைக் கறவைக்கு நேரமாகிறது. வாருங்கள், அங்கே செய்து காட்டுகிறேன்.