வீட்டிலேயே குஞ்சு பொரிக்க ஒரு சிறு கருவி

(நெல்லை வானொலியின் பண்ணை ஒலிபரப்பில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நம்முடைய தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு அறுப்பு. களத்தில் சிந்துகிற நெல்லையும், பதரையும், புழு பூச்சியையும் பொறுக்கித் தின்றே வளர்கிற நாட்டுக்கோழி இல்லாத வீடு ஆற்றங்கரை ஊர்களில் குறைவு. அந்தக் கோழிப் பணம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைக்காசு. பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், திடீரென்று வருகிற மருந்துச் செலவு எல்லாம் அதிலிருந்துதான் நடக்கிறது. அதனால்தான் இந்தப் பேச்சை நிதானமாகக் கேட்கும்படி தாய்மார்களை முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

அடைக்கோழி இல்லாமல் மின்சாரத்தில் குஞ்சு பொரிக்கிற சிறு கருவிகள், அதாவது இன்குபேட்டர்கள், இப்போது கிராமங்களுக்கும் வந்துவிட்டன. வாங்கியவர்களில் பலர், "அண்ணாச்சி, அம்பது முட்டை வச்சேன், பதினோரு குஞ்சுதான் வந்துச்சு" என்று சொல்கிறார்கள். ஐம்பது முட்டையை விற்றிருந்தால் அன்றைக்கே காசு. போனது முட்டை மட்டுமா? மூன்று வாரமும் போயிற்று. இந்த நஷ்டத்தில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். எப்படி என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

கருவி எதற்கு?

நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இடும். பிறகு 21 நாள் அடை கிடக்கும். பொரித்த குஞ்சுகளோடு இரண்டு மாதம் அலையும். இந்தக் காலம் முழுவதும் அது முட்டை இடாது. ஆகவே வருஷத்துக்கு மூன்று அல்லது நான்கு ஈடு, அறுபது முட்டைக்குள் கணக்கு முடிந்துவிடுகிறது. அடைகாக்கும் வேலையைக் கருவியிடம் கொடுத்துவிட்டு, கோழியை அடையிலிருந்து கலைத்துவிட்டால், இரண்டு மூன்று வாரத்தில் அது மறுபடி முட்டைக்கு வந்துவிடும். கருவியின் லாபம் இதுதான்.

இது ஒன்றும் புதிய வித்தை அல்ல. எகிப்து நாட்டில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே மண் செங்கல்லால் சூளை மாதிரி அறை கட்டி, சாண வறட்டியும் வைக்கோலும் எரித்துக் குஞ்சு பொரித்தார்கள். முட்டையை எடுத்துக் கண் இமையில் ஒற்றிப் பார்த்தே சூடு சரியா, கூடுதலா என்று சொல்லிவிடுவார்களாம். நமக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதனால் வெப்பமானியை நம்ப வேண்டியிருக்கிறது.

எத்தனை முட்டைக் கருவி?

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். கடைக்காரர் "பெரிசா வாங்கிப் போடுங்க" என்பார். நீங்கள் உங்கள் கூட்டைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். வருஷத்துக்கு அறுபது முட்டை வீதம் பத்துப் பெட்டைக்கு அறுநூறு முட்டை. வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு வாரம். ஆக வாரத்துக்குப் பன்னிரண்டு முட்டைதான் சேரும். அடை கலைத்துப் பராமரித்தால் இன்னும் கொஞ்சம் கூடும். அடை வைக்கிற முட்டையை ஏழு நாளைக்கு மேல் சேர்த்து வைக்கக் கூடாது என்பதால், ஒரு வார முட்டைதான் உங்கள் கருவிக்கு அளவு. பத்துப் பெட்டைக்கு முப்பது முட்டைக் கருவி தாராளம். ஐம்பது முட்டைக் கருவி நிறைய வேண்டுமானால் நாற்பது பெட்டை வேண்டும். ஐந்தாறு கோழி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அடைக்கோழியே போதும், கருவி வேண்டாம்.

பத்துப் பெட்டைக்கு ஒரு நல்ல சேவல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சேவல் சேராத முட்டையை எந்தக் கருவியாலும் பொரிக்க முடியாது. கடையில் விற்கிற வெள்ளை முட்டை சேவலே இல்லாத பண்ணையில் இட்டது. அதை வைத்துப் பார்ப்பது வீண்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, உள்ளே விசிறி இருக்கவேண்டும். விசிறி இல்லாத பெட்டியில் மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு, மூலையில் வேறு சூடு என்று இருக்கும்.

இரண்டாவது, சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். அதில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். வீட்டிலே காய்ச்சல் பார்க்கிற வெப்பமானி இருந்தால் அதைக் கழுவித் துடைத்து, முட்டை இருக்கும் மட்டத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். காய்ச்சல் வெப்பமானியின் அளவும், முட்டைக்கு வேண்டிய சூடும் ஏறக்குறைய ஒரே எல்லைக்குள்தான் இருக்கின்றன.

மூன்றாவது, மின்சாரம் போனால் பேட்டரியில் ஓடுமா என்று கேளுங்கள். நான்காவது, உட்புறம் கழுவித் துடைக்க வசதியாக இருக்கிறதா என்று பாருங்கள். தெர்மகோல் பெட்டி விலை குறைவு, சூட்டையும் நன்றாகப் பிடித்துவைக்கும். ஆனால் குஞ்சின் கழிவும் ரோமமும் அதில் ஒட்டினால் சுத்தம் செய்வது சிரமம். ஐந்தாவது, பல்பு, விசிறி, தெர்மோஸ்டாட் கெட்டுப்போனால் பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ மாற்றுச் சாமான் கிடைக்குமா என்று விசாரியுங்கள். வெளியூரிலிருந்து பார்சலில் வருவதற்குள் முட்டை அழுகிவிடும்.

மின்செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 60 வாட் பல்பு பாதி நேரம் எரிந்தால் 21 நாளைக்கு ஏறக்குறைய 15 யூனிட்தான். தண்ணீரும் மின்சாரமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், எர்த் உள்ள மூன்று முனை பிளக்கில்தான் மாட்டவேண்டும். தண்ணீர் ஊற்றும்போது சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

முட்டையைத் தேர்ந்தெடுத்தல்

சித்திரை வெயிலில் கூட்டிலேயே கிடக்கும் முட்டையில் கரு அரைகுறையாக வளர ஆரம்பித்துச் செத்துவிடும். ஆகவே கோடையில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை முட்டையை எடுத்துவிடுங்கள். ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் வைக்கோல் போட்டு, அகன்ற முனை மேலே இருக்கும்படி அடுக்குங்கள். பானைக்குள் ஈரம் படக்கூடாது. குளிர்சாதனப் பெட்டி கருவுக்கு மிகையான குளிர், அதில் வைக்காதீர்கள். விரிசல் விட்டது, மிகவும் சிறியது, கோணலானது, அழுக்கு அப்பியது ஆகியவற்றைத் தள்ளிவிடுங்கள். அழுக்கு முட்டையைக் கழுவி வைத்தால் ஓட்டின் மேலுள்ள காப்புப் படலம் போய்க் கிருமி உள்ளே நுழையும்.

வாத்து, வான்கோழி முட்டைக்கு 28 நாள். காடைக்குப் பதினேழு, பதினெட்டு நாள். கோழி முட்டையோடு இவற்றைக் கலந்து வைக்காதீர்கள். இன்னொன்று: வயலில் மயில் முட்டை கிடந்தால் எடுத்து வந்து வைத்துப் பார்க்கும் ஆசை சிலருக்கு உண்டு. 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். தொடவே தொடாதீர்கள்.

சூடு, ஈரம், திருப்புதல்

கருவியைத் தகரக் கொட்டகையில் வைக்காமல், வெயிலும் காற்றும் நேராகப் படாத அறையில் சமதளத்தில் வையுங்கள். மேஜையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. முட்டை இல்லாமல் இரண்டு நாள் ஓடவிட்டு, சூடு நிலையாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே முட்டையை வையுங்கள்.

விசிறி உள்ள கருவியில் 99.5 முதல் 100 டிகிரி பாரன்ஹீட் இருக்கவேண்டும். விசிறி இல்லாததில் முட்டையின் மேல்மட்டத்தில் 101.5 முதல் 102 டிகிரி. ஒன்றை மறக்காதீர்கள்: கொஞ்ச நேரம் சூடு குறைந்தால் கரு தாங்கிக்கொள்ளும். சூடு மிஞ்சினால் தாங்காது.

ஈரப்பதம் முதல் 18 நாள் 55 முதல் 60 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 75 சதவீதம். நமது பக்கத்தில் இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆனி, ஆடியில் பாபநாசம், அம்பாசமுத்திரம் பக்கம் சாரல் அடிக்கும். அதே நாளில் நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் காய்ந்த காற்று வீசும். ஐப்பசி, கார்த்திகையில் எல்லா இடத்திலும் ஈரம். ஆகவே பக்கத்து ஊர்க்காரர் ஊற்றுகிற தண்ணீர் அளவு உங்களுக்குப் பொருந்தாது. தட்டில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பது முக்கியமில்லை, எவ்வளவு அகலம் என்பதுதான் முக்கியம். ஈரம் போதவில்லை என்றால் இன்னொரு தட்டு வையுங்கள்.

ஈரம் சரிதானா என்பதைத் தராசே சொல்லும். வைக்கும்போது பத்து முட்டையை நிறுத்து எழுதி வையுங்கள். 450 கிராம் இருந்தது என்றால், 18ஆம் நாள் அதே பத்து முட்டை 395 முதல் 400 கிராம் இருக்கவேண்டும். அதைவிடக் குறைந்தால் முட்டை காய்ந்துவிட்டது, அடுத்த தடவை தண்ணீரைக் கூட்டுங்கள். கூடுதலாக இருந்தால் குறையுங்கள்.

முட்டையைத் திருப்பாவிட்டால் கரு ஓட்டின் உட்தோலில் ஒட்டிக்கொள்ளும். தானாகத் திருப்பும் வசதி இல்லை என்றால், ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம் என்று பென்சிலால் போட்டுக்கொண்டு, நாளைக்கு மூன்று அல்லது ஐந்து தடவை திருப்புங்கள். ஒற்றைப்படையாகத் திருப்பினால் தினமும் இரவு ஒரே பக்கம் கிடக்காது. 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்திவிட வேண்டும்.

ஏழாம் நாள் இருட்டில், செல்போன் விளக்கின் மேல் ஓட்டை போட்ட அட்டையை வைத்து, முட்டையைப் பிடித்துப் பாருங்கள். சிலந்திக் கால் மாதிரிச் சிவப்பு நரம்பு ஓடினால் கரு உயிரோடு இருக்கிறது. தெளிவாக இருந்தால் கருக்கூடாத முட்டை. வளையமாக ரத்தம் தெரிந்தால் கரு செத்துவிட்டது. கடைசி இரண்டையும் எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் செத்தது கூமுட்டையாகி, உள்ளேயே வெடித்து நல்ல முட்டையையும் கெடுக்கும்.

கரண்ட் போனால்?

பதற வேண்டாம். மூடியைத் திறக்காதீர்கள். கருவி மேல் சாக்கையோ கம்பளியையோ போர்த்துங்கள், காற்றுத் துவாரத்தை மட்டும் அடைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால், வெந்நீர் நிரப்பிய பாட்டில்களை முட்டையில் படாமல் மூலையில் வையுங்கள்.

பொரிக்கும் நாள்

இருபதாம் நாள் ஓட்டில் சிறு கொத்து விழும். உள்ளேயிருந்து கீச்சொலி கேட்கும். அப்போது ஆசையில் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதுதான் பல குஞ்சுகளுக்கு எமனாகிறது. உள்ளே இருந்த ஈரம் வெளியேறி, உட்தோல் காய்ந்து குஞ்சை இறுக்கிவிடும். ஓட்டைக் கையால் உரிக்காதீர்கள், ரத்தம் கசிந்து செத்துவிடும். பொரித்த குஞ்சு ரோமம் காய்கிறவரை உள்ளேயே இருக்கட்டும். வயிற்றில் மஞ்சள் கரு இருப்பதால் ஒரு நாள் தீனி இல்லாமலும் இருக்கும்.

இதற்குப் பிறகுதான் அசல் வேலை. கருவி குஞ்சைப் பொரிக்குமே தவிர வளர்க்காது. தாய்க்கோழி கொடுக்கிற கதகதப்பையும், பருந்து, கீரியிடமிருந்து காவலையும் நீங்கள்தான் கொடுக்கவேண்டும். குஞ்சுக்கு 2 வாட் வீதம் பல்பு போட்டு, முதல் வாரம் 95 டிகிரி சூட்டில் வையுங்கள். பிறகு வாரம் 5 டிகிரி குறைக்கலாம். குஞ்சுகள் பல்படியில் அப்பிக்கிடந்தால் குளிர், விலகி ஓடினால் சூடு. அந்த நாளில் அடைக்கோழி ஒன்று குஞ்சு பொரித்திருந்தால், ராத்திரியில் கருவிக் குஞ்சுகள் சிலவற்றை அதன் இறக்கைக்குள் விட்டுப் பாருங்கள். ஏற்றுக்கொண்டால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

ஐந்து முதல் ஏழு நாளுக்குள் வெள்ளைக் கழிச்சலுக்குக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து போடுங்கள். எட்டாவது வாரம் ஊசி போடவேண்டும். மருந்து வந்திருக்கும் நாளைப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் முன்னதாகவே கேட்டு, அதற்குத் தோதாக முட்டையை வையுங்கள். மருந்து போடாமல் ஐம்பது குஞ்சை ஒரே இடத்தில் வளர்ப்பது, ஐம்பதையும் ஒரே வாரத்தில் இழப்பதற்கு வழி.

ஒரு நோட்டுப் போடுங்கள்

வைத்தது 50, ஏழாம் நாள் கருக்கூடாதது 8, பொரித்தது 32 என்று எழுதுங்கள். கருக்கூடிய 42இல் 32 என்றால் நூற்றுக்கு எழுபத்தாறு. வீட்டுக் கருவிக்கு இது நல்ல பலன். தெளிந்த முட்டை அதிகம் என்றால் குறை சேவலிலோ முட்டையைச் சேர்த்து வைத்ததிலோ இருக்கும். இடையில் செத்தது அதிகம் என்றால் சூட்டையும் திருப்புதலையும் பாருங்கள். முழுக் குஞ்சாக ஓட்டுக்குள்ளே செத்திருந்தால் கடைசி மூன்று நாள் ஈரத்தையும் காற்றோட்டத்தையும் பாருங்கள். மூன்று ஈடு எழுதினால் உங்கள் கருவியின் குணம் உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

ஒவ்வொரு பொரிப்புக்குப் பிறகும் கருவியைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். மேலும் சந்தேகம் இருந்தால், ராமையன்பட்டியில் 2012ஆம் வருஷத்திலிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒரு நடை போய்க் கேட்டு வாருங்கள், நோட்டையும் கையில் எடுத்துப் போங்கள். கருவி வாங்குவதற்கு முன்னால் கேட்டால் இன்னும் நல்லது.

இந்த வாரம் முழுவதும் உங்கள் கூட்டில் எத்தனை முட்டை விழுகிறது என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். எந்த அளவுக் கருவி வேண்டும், அல்லது வேண்டாம் என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.