பூவுக்கும் காய்க்கும் ஒரே கிணறு

திருமலையைப் புஷ்ப மண்டபம் என்று வைணவப் பெரியோர் வழங்குவதை நேயர்கள் அறிவீர்கள். திருவரங்கம் போக மண்டபம். காஞ்சி தியாக மண்டபம். திருவேங்கடம் பூவுக்கு உரிய மண்டபம். அம்மலையில் நந்தவனம் வைத்துத் திருமாலைத் தொண்டு செய்ய இராமாநுசரின் விருப்பப்படி சென்றவர் அனந்தாழ்வான். மலை ஏறிய மறுநாளே அவர் செடி நட்டிருப்பார் என்றுதான் நாம் எண்ணுவோம். வழிவழி வந்த கதையோ, அவர் முதலில் ஏரி வெட்டத் தொடங்கினார் என்கிறது. அவர் வெட்ட, கருவுற்றிருந்த மனைவியார் மண் சுமந்தார். தடுத்தும் கேளாமல் அவ்வம்மையாருக்கு உதவிய சிறுவன்மீது அனந்தாழ்வான் எறிந்த கடப்பாரை இன்றும் கோயில் வாயிலில் தொங்குகிறது. சிறுவனாக வந்தவர் பெருமாளே என்பதும், மோவாயில் பட்ட காயத்துக்காகவே அங்கே பச்சைக் கர்ப்பூரம் சாத்துகிறார்கள் என்பதும் கதையின் முடிவு. பக்தர்கள் அந்தச் சிறுவனை நினைத்து உருகுவார்கள். கோடையில் தோட்டம் வைத்திருக்கும் நாமோ அந்த ஏரியை நினைக்கிறோம்.

மலைமேல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் காற்றுக் குளிர்ச்சியாக இருக்கும்போது, அடிவாரத்துத் திருப்பதியில் சித்திரை வெயில் 40 பாகையைத் தாண்டும். பகலெல்லாம் காய்ந்த பாறை இரவிலும் அனல் வீசும். அங்கே மாடியில் தொட்டிச்செடி வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்தார், நண்பகலில் பழைய வேட்டியைப் பந்தலாகக் கட்டிக் கத்திரிக்கு நிழல் தருகிறார்கள். சித்தூரில் வெயில் சற்றுத் தணிவு, தண்ணீர்தான் குறைவு.

சித்தூரில் நாங்கள் ஐந்து குடும்பத்தார் சேர்ந்து பயிரிடும் நிலம் நான்கு சென்ட். இவ்வாறு நகரத்தார் துண்டு நிலத்தில் பயிரிடும் வழக்கம் மேனாடுகளில் வேரூன்றியது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் அது 1865ஆம் ஆண்டளவில் தொடங்கிற்று. இங்கிலாந்தில் ஒரு குடும்பத்துக்குரிய பங்கு ஏறத்தாழ 250 சதுர மீட்டர்; நம் கணக்கில் ஆறு சென்டுக்குச் சற்று மேல். அந்நாட்டில் ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பதைவிடக் குறைந்த இடத்தில் நாங்கள் ஐந்து குடும்பம். இருப்பது ஒரே கிணறு.

பங்குனியில் நாளொன்றுக்கு அறுபது குடம் இறைத்தோம். சித்திரை இரண்டாம் வாரத்தில் முப்பத்தைந்துக்குமேல் இறைத்தால் குடத்தில் சேறு வந்தது. எதற்கு நீர் விடுவது, எதை விட்டுவிடுவது என்ற பேச்சு எழுந்தது. குழந்தைகள் உண்ணும் காய்கறி முதலா, இருபது மல்லிகைப் புதர்கள் முதலா? பூ ஆடம்பரம் என்றார் எங்களில் ஒருவர். கிணற்றங்கரை வீட்டில் ஒரு தெலுங்கு மூதாட்டி இருக்கிறார். விடியுமுன் மொட்டுப் பறித்து, வாழைநாரில் தொடுத்து, முழக்கணக்கில் விற்பவர். அவர் வாயிற்படியிலிருந்தே, "நாயனா, காய் உங்களுக்குக் கறி, பூ எனக்குச் சோறு" என்றார். மேலே எவரும் பேசவில்லை.

கணக்கு இவ்வாறு முடிந்தது. மல்லிகைக்குப் பத்துக் குடம். ஒருநாள் விட்டு ஒருநாள், புதருக்கு ஒரு குடம். வெண்டைக்குப் பன்னிரண்டு. சுரைக்கும் பீர்க்குக்கும் எட்டு. கீரைப் பாத்திக்கு ஐந்து. தக்காளியையும் அவரையையும் பிடுங்கிவிட்டோம். வெப்பம் மிகுந்தால் தக்காளிப் பூ காய் பிடிக்காமல் உதிர்ந்துவிடும் என்பது தெரிந்ததே. எனினும் சிலருக்கு மனத்தாங்கல். 2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் மதனப்பள்ளிச் சந்தையில் முதல்தரத் தக்காளி கிலோ 200 ரூபாயை எட்டியதை இவ்வட்டாரத்தில் யார் மறப்பார்கள்?

சுரைக்கும் பீர்க்குக்கும் எட்டுக் குடம் எப்படிப் போதும் என்று நேயர்கள் வினவலாம். கொடியின் அருகே மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, அடியில் சிறு துளையிட்டுத் துணித்திரி செருகி, நீர் நிரப்பி மூடிவிடுகிறோம். நீர் வேர்ப்பக்கமே கசிகிறது, வெயில் குடிப்பதில்லை. மல்லிகை அடியில் மணிலாக்கொட்டைத் தொலியை நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்பியிருக்கிறோம். சித்தூர்ச் சீமை மணிலா விளையும் சீமை. ஆலைகளில் தொலிக்குப் பஞ்சமில்லை. காலை விட்ட ஈரம் மறுநாள் மாலையிலும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. கார்த்திகையில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்துச் செய்த புதர்கள் இப்போது மொட்டுச் சொரிகின்றன. மொட்டுப்புழு மட்டும் தொல்லை. வேப்பங்கொட்டைச் சாற்றைத் தெளித்து வருகிறோம். வெண்டையில் மஞ்சள் நரம்பு கண்ட செடிகளுக்கு மருந்து தேடவில்லை. வெள்ளை ஈ அந்நோயைப் பரப்புமுன் வேரோடு களைந்தோம். கொத்தவரை யாரும் கவனியாமலே காய்க்கிறது. இத்தகைய பயிருக்கு நாம் உரிய மதிப்புத் தருவதில்லை என்பது எங்கள் கருத்து.

மொழிபெயர்ப்பே தொழிலாக உள்ள எங்களுக்குத் தோட்டத்தில் வேறோர் இன்பமும் உண்டு. சுரை இங்கே சொரகாய், பீர்க்கு பீரகாய், புடலை பொட்லகாய், வெண்டை பெண்டகாய். அகராதி இல்லாமலே பொருள் விளங்கும். கத்திரியை வங்காய் என்றும், புளிச்சகீரையைக் கோங்கூர என்றும் கேட்கும்போதுதான் சற்றுத் தயங்க நேரும். 1911ஆம் ஆண்டில் வட ஆர்க்காடு, கடப்பை ஆகியவற்றின் பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு மாறிற்று. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இத்தனைக்குப் பிறகும் இங்குள்ள பிள்ளைகள் ஒரே கொடிக்கு இரண்டு பெயர் சொல்லி வளர்கிறார்கள்.

திருமலையில் பெண்கள் பூச் சூடுவதில்லை. அங்குள்ள மலரெல்லாம் பெருமாளுக்கே. சாத்திக் களைந்த மாலைகளை முன்பு பூங்கிணற்றில் இடுவார்கள். 2021ஆம் ஆண்டு முதல் கழிந்த பூக்களிலிருந்து ஊதுவத்தியும் செய்து வருகிறது தேவஸ்தானம். எங்கள் தோட்டத்துப் பூ மலை ஏறுவதில்லை. சித்தூர்க் கடைவீதியிலேயே விற்றுப்போகிறது.

தக்காளி இருந்த பாத்தி இப்போது வெறுமையாகக் கிடக்கிறது. சாணமும் சருகும் இட்டு மூடியிருக்கிறோம். ஆடிப்பட்டத்துக்கான அவரை விதையைச் சாம்பலில் புரட்டிக் கலயத்தில் கட்டி வைத்தாயிற்று. நேற்று மாலை கயிறு இறக்கி அளந்தபோது கிணற்றில் நான்கு முழம் நீர் இருந்தது. அதற்கு முந்திய வாரமும் நான்கு முழமே.