ஒத்துக்கொண்டவன் மறுக்கலாம்

(திருவண்ணாமலைக் கூட்டமொன்றில் பேசியது)



"கேஸை ஒத்துக்கோ, அபராதம் கட்டிட்டு சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்." கோர்ட் வராந்தாவில் சேரிக்காரனுக்கும் இருளனுக்கும் கிடைக்கிற முதல் சட்ட ஆலோசனை இதுதான். வழக்காடினால் வாய்தாவுக்கு வாய்தா கூலி போகும். ஒத்துக்கொள்கிறான். ஊரில் அடுத்த திருட்டு நடந்தால் போலீஸ் தேடி வருகிற 'பழைய குற்றவாளி' அன்றைக்குத்தான் உருவாகிறான்.

வங்கியில் கைநாட்டு வாங்குகிறவன் நான். அங்கேகூட எழுதியிருப்பதை வாசித்துக் காட்டித்தான் வாங்க வேண்டும். சரி, அது கிடக்கட்டும்.

ஒத்துக்கொண்டாலும் தண்டித்தே தீரவேண்டும் என்று சட்டத்தில் இல்லை. அது மாஜிஸ்திரேட்டின் விருப்புரிமை. 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்திலும் அப்படித்தான். ஆனால் தண்டித்துவிட்டால் அப்பீலில் தண்டனையின் அளவையும் சட்டப் பொருத்தத்தையும் மட்டுமே கேட்கலாம், 'நான் செய்யலை' என்று சொல்ல முடியாது.

இங்கேதான் திப்பேசாமி எதிர் கர்நாடக அரசு வழக்கு, 1983 சட்ட அறிக்கைகளில் இருக்கிறது, நமக்கு வேண்டியிருக்கிறது. லேசாக விட்டுவிடுவோம் என்று ஆசைகாட்டி ஒத்துக்கொள்ள வைத்துவிட்டு, அப்பீலில் தண்டனையை ஏற்றுவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவுக்கு விரோதம் என்றது உச்ச நீதிமன்றம். ஏற்றத்தான் வேண்டுமென்றால் தண்டனையை ரத்து செய்து கீழ்க்கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பு, அவன் விரும்பினால் எதிர்வழக்காடட்டும் என்றது. தண்டனை ஏறாதவனுக்கு இந்தக் கதவு திறக்குமா என்பது வேறு சண்டை.

மாணவத் தோழர்கள் ஒன்று செய்யலாம். 1987 சட்ட உதவிச் சட்டப்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவச வக்கீல் உண்டு, வருமான வரம்பு கிடையாது. ரிமாண்டுக்குக் கொண்டுவருகிற அன்றைக்கே கோர்ட்டில் நில்லுங்கள். 'ஒத்துக்கிறியா?' என்று கேட்கும்போது, 'வக்கீல் வேணும்யா' என்று அவன் சொல்லட்டும்.