சனிக்கிழமைக்கு ஓர் உபயம்



இன்று உங்களிடம் காசு கேட்பதற்காகவே ஒலிவாங்கிக்கு முன்னால் வந்திருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை. கேட்பது கோயிலுக்காக அல்ல, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்காகவும் அல்ல. உங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடக் கார் ஓட்டத்தில் இருக்கிற விளையாட்டுக் கழகத்துக்காகக் கேட்கிறேன். அது ஸ்காபரோவில் ஓர் உதைபந்தாட்டக் கழகமாக இருக்கலாம், மார்க்கத்தில் பூப்பந்தாட்டமாக இருக்கலாம், ஏஜாக்ஸிலோ பிரம்ரனிலோ கிரிக்கெட்டாக இருக்கலாம். பெயரை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

விளையாடுகிற பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரை விட மற்றவர்களைப் பார்த்துத்தான் இன்று அதிகம் பேசப்போகிறேன். "எங்கட பிள்ளையள் வளந்திட்டினம், இனி எங்களுக்கென்ன?" என்று கேட்கக்கூடிய அண்ணாமார், அக்காமார், ஓய்வுபெற்ற ஐயாமார், அம்மாமார், கடை வைத்திருப்பவர்கள், இவர்கள் எல்லோரும் கொஞ்சம் காது கொடுக்க வேண்டும்.

ஒரு கழகத்தில் காசு எங்கே போகிறது என்பது வெளியில் நிற்பவருக்குத் தெரிவதில்லை. பந்தும் சீருடையும் கண்ணுக்குத் தெரிகிற சின்னச் செலவுகள். மைதானத்தை மாநகரத்திடம் அனுமதி வாங்கி மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டும். லீக்கில் பதிவுக் கட்டணம், காப்புறுதி, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மத்தியஸ்தருக்கான கொடுப்பனவு, பயிற்றுநர் தகுதிச் சான்றிதழுக்கான வகுப்பு, பிள்ளைகளோடு பழகுகிற தொண்டர்களுக்குப் பொலிஸ் சான்று என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இதெல்லாம் கோடைகாலக் கணக்கு. நவம்பர் வந்தால் புல் உறைந்து போகிறது. அதற்குப் பிறகு ஏறக்குறைய ஆறு மாதம் கூரைக்குக் கீழேதான் பயிற்சி. காற்றடைத்த கூடாரத்துக்குள் இருக்கிற உள்ளக மைதானத்தில் ஒரு மணித்தியாலம் எடுக்கக் கொடுக்கும் காசுக்கு, கோடையில் பூங்கா மைதானத்தைப் பல மணித்தியாலம் எடுத்துவிடலாம். நல்ல நேரங்களைப் பெரிய கழகங்கள் முன்கூட்டியே எடுத்துவிடும். கையில் காசில்லாத சின்னக் கழகத்துக்கு மிஞ்சுவது வார நாளில் இரவு ஒன்பது மணி. மறுநாள் பள்ளிக்கூடம் போக வேண்டிய பத்து வயதுப் பிள்ளையை அந்த நேரத்தில் யார் அனுப்புவார்கள்?

இந்தச் செலவு முழுவதையும் பிள்ளைகளின் கட்டணத்தில் ஏற்றினால் என்ன நடக்கும் என்பதைக் கழகம் நடத்துகிறவர்கள் நன்றாக அறிவார்கள். அண்ணனும் தங்கையும் விளையாடுகிற வீட்டில் முதலில் ஒரு பிள்ளை நிற்கும். பிறகு மற்றப் பிள்ளையும் நிற்கும். பெற்றோர் காரணம் சொல்ல மாட்டார்கள். "படிப்புக் கூடிப்போச்சு" என்பார்கள். வாடகையும் வீட்டுக் கடனும் உயர்ந்திருக்கிற இந்த நகரத்தில் இரண்டு வேலை செய்கிற தகப்பன், காசில்லை என்று பயிற்றுநரிடம் வாய்விட்டுச் சொல்வாரா? சொல்ல மாட்டார். பிள்ளையும் வாய் திறக்காது.

இப்படியான நிலையில் இருக்கிற பெற்றோர் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், இடையில் ஒரு தகவல். கனடியன் ரயர் நிறுவனத்தின் ஜம்ப்ஸ்ராட் அறக்கட்டளை 2005ஆம் ஆண்டிலிருந்து வசதி குறைந்த குடும்பப் பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டணத்துக்கு உதவி வருகிறது. ரொறன்ரோ மாநகரத்தின் பொழுதுபோக்கு நிலையங்களில் நடக்கும் வகுப்புகளுக்கு, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கென்று தனியான கட்டண உதவித் திட்டம் இருக்கிறது. தயங்காமல் விண்ணப்பியுங்கள், உங்களுக்காகத்தான் அவை வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் இவை பிள்ளையின் கட்டணத்துக்கானவை. கழகத்தின் மைதான வாடகையை அவை தீர்க்கமாட்டா.

அப்படியென்றால் நன்கொடை சேர்க்கலாமே என்பீர்கள். சேர்க்கலாம். உடனே வருகிற கேள்வி, "ரக்ஸ் ரிசீற் தருவீங்களா?" என்பது. தர முடியாது. அதன் காரணம் இந்த நகரத்திலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில் இருக்கிறது. ரொறன்ரோப் பெரும்பாகத்தில் இளையோர் உதைபந்தாட்டத்தை வளர்ப்பதற்காக இயங்கிய ஓர் அமைப்பு, தன்னை அறக்கட்டளையாகப் பதிவு செய்யும்படி கனடா வருமான வரி முகமையிடம் கேட்டது. முகமை மறுத்தது. வழக்கு மேலே மேலே போனது. 2007 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. விளையாட்டை வளர்ப்பது மட்டும் சட்டப்படி அறப்பணி ஆகாது, வரிச் சலுகைக்குரிய பற்றுச்சீட்டு கொடுக்கும் உரிமை நாடு முழுவதற்குமாக இயங்கும் அமெச்சூர் விளையாட்டுச் சங்கங்களுக்கே உண்டு என்பது அதன் சாரம். நாட்டின் இலாப நோக்கற்ற அமைப்புகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று விளையாட்டும் பொழுதுபோக்கும் சார்ந்தது, இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்ய வேண்டியது நாடாளுமன்றமே என்று நீதிமன்றம் கருதியது. சட்டம் அப்படி. ஆனால் பிள்ளைகளை வாரம் இரண்டு நாள் ஓடவைத்து, தோல்வியைத் தாங்கப் பழக்கி, வேறு மொழி பேசுகிற பிள்ளைகளோடு ஓர் அணியாக நிற்க வைப்பது அறம் இல்லையென்றால் எது அறம் என்று எனக்குத் தெரியவில்லை. கடையோ நிறுவனமோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. சீருடையில் உங்கள் பெயரைப் போட்டு அனுசரணை கொடுத்தால், அதை விளம்பரச் செலவாகக் காட்ட இடமிருக்கிறது. உங்கள் கணக்காளரிடம் கேட்டுப் பாருங்கள். மற்ற எல்லோரும் கொடுப்பது அன்பினால் கொடுப்பதுதான். திருப்பி எதுவும் வராது.

அன்பினால் கொடுத்தே ஒரு சமூகம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இதே ரொறன்ரோவில் ஒரு கதை இருக்கிறது.

1956ஆம் ஆண்டு, இந்த நகரத்தில் குடியேறிய குரோவேசியர்கள் தங்களுக்கென்று ஓர் உதைபந்தாட்டக் கழகம் தொடங்கினார்கள். பெயர் ரொறன்ரோ குரோவேசியா. அன்றைக்கு உலகப் படத்தில் குரோவேசியா என்று ஒரு நாடே இல்லை, யூகோஸ்லாவியாதான் இருந்தது. ஆனால் கழகத்தின் சீருடையில் அந்தப் பெயர் இருந்தது. இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1975இல் வட அமெரிக்க சொக்கர் லீக்கில் பணமில்லாமல் தவித்துக்கொண்டிருந்த ரொறன்ரோ மெற்றோஸ் என்ற தொழில்முறை அணியோடு இந்தக் கழகம் சேர்ந்துகொண்டது. அணியின் பெயர் மெற்றோஸ் குரோவேசியா ஆனது. ஓர் இனத்தின் பெயரை அணி சுமப்பது லீக் நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை. கழகத்தார் பெயரை விடவில்லை. 1976 ஓகஸ்ட் 28ஆம் திகதி, சியாற்றில் நகரத்தில் இறுதி ஆட்டம். எதிரில் மினசோற்றா கிக்ஸ். ரொறன்ரோ அணியில் யார் இருந்தார் தெரியுமா? எய்செபியோ! 1966 உலகக் கிண்ணத்தில் ஒன்பது கோல் போட்டு முதலிடம் பிடித்த அதே போர்த்துக்கேய வீரர். முதல் கோலை அவர் போட்டார். மூன்றுக்குப் பூச்சியம் என்று வென்று வட அமெரிக்கக் கிண்ணத்தை ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்தார்கள்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். தொழில்முறை அணியைத் தாங்கும் பணபலம் அந்தச் சமூகத்திடம் நீண்ட நாள் இருக்கவில்லை. 1979இல் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் அணியை வாங்கியது, பெயர் பிளிஸாட் என்று மாறியது. 1984ஆம் ஆண்டுப் பருவத்துக்குப் பிறகு அந்த லீக்கே இல்லாமற் போனது. குரோவேசியா கழகம் மட்டும் தன்னுடைய பழைய உள்ளூர் லீக்குக்குத் திரும்பிப் போய், சின்ன மைதானங்களில் தொடர்ந்து விளையாடியது. 2011, 2012, 2015 என்று கனடிய சொக்கர் லீக்கில் வெற்றியாளராகவும் வந்தது. கோடிக்கணக்கில் காசு புரண்ட லீக் மறைந்துவிட்டது. கட்டிடத் தொழிலாளியும் கடைக்காரரும் கொடுத்துக் காத்த கழகம் அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகள் நின்றது. எனக்குக் கிண்ணத்தைவிட அந்த முப்பது ஆண்டுகள்தான் பெரிது.

நமக்குப் பழக்கமான இடத்துக்கு வருவோம். மார்க்கத்தில் மிலிக்கன் மில்ஸ் உயர்நிலைப் பள்ளி. நம்முடைய பிள்ளைகள் ஏராளமாகப் படித்த பள்ளி. 2012இல் அங்கே படித்துக்கொண்டிருந்த ஆந்திரே டி கிராஸ் என்ற பதினேழு வயதுப் பையன், யோர்க் பிராந்தியப் பள்ளிகளின் ஓட்டப்போட்டிக்குக் கூடைப்பந்துக் காற்சட்டையோடும் இரவல் வாங்கிய ஆணிச் சப்பாத்தோடும் போனான். குனிந்து புறப்படக்கூடத் தெரியாமல் நின்றபடி புறப்பட்டு, நூறு மீற்றரை 10.9 செக்கனில் ஓடினான். அன்று அங்கே நின்ற ரொனி ஷார்ப், 1984 ஒலிம்பிக் அஞ்சலோட்டத்தில் வெண்கலம் வென்றவர். பிக்கரிங்கில் ஒரு தடகளக் கழகம் நடத்திக்கொண்டிருந்தார். பையனைக் கழகத்துக்கு அழைத்தார். அந்தப் பையன் 2021இல் ரோக்கியோவில் இருநூறு மீற்றரை 19.62 செக்கனில் ஓடித் தங்கம் வென்றான். திறமை பையனிடம் முன்பே இருந்தது. பக்கத்தில் ஒரு கழகம் இல்லாதிருந்தால் அது யாருக்குத் தெரிந்திருக்கும்?

கொடுக்க நமக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைய 30 இலட்சம் டொலர் தேவை என்று 2018இல் சொன்னார்கள். 2021இல் அது சேர்ந்துவிட்டது. சிறுவர்களும் உண்டியல் காசைக் கொடுத்தார்கள். அதே வளாகத்துக்குப் பக்கத்தில் பான் அம் விளையாட்டு மையம் இருக்கிறது. 2014இல் திறந்தது, 20 கோடி டொலருக்கு மேல் செலவு. அதில் 3 கோடி டொலர் அந்த வளாகத்து மாணவர்களின் பங்கு. 2010இல் வாக்கெடுப்பு வைத்துத் தங்கள் கட்டணத்தில் தாங்களே ஏற்றிக்கொண்டார்கள். அன்று கடைசி ஆண்டில் படித்தபடி ஆம் என்று வாக்களித்தவர்கள், நீச்சல்தடாகத்தில் தண்ணீர் விடுமுன்பே பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். தாங்கள் நீந்தப்போகாத தடாகத்துக்கு வாக்களித்த அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஸ்காபரோவின் ஸ்ரெயின்ஸ் வீதியில் தமிழ்ச் சமூக மையம் ஒன்று கட்டுவதற்கு 2021இல் மத்திய அரசும் ஒன்ராறியோ அரசும் சேர்ந்து 2.6 கோடி டொலருக்கு மேல் ஒதுக்கின. உள்ளக விளையாட்டு மண்டபமும் அந்தத் திட்டத்தில் இருக்கிறது. மிக நல்லது. ஆனால் சுவருக்கும் கூரைக்கும் கிடைக்கிற காசு விசில் ஊதுகிறவருக்குக் கிடைப்பதில்லை. மண்டபம் கட்டிய பிறகும் அதற்குள் பிள்ளைகளைக் கூட்டிவர ஒரு கழகம் வேண்டும்.

நம்மவர்களின் கோடைச் சுற்றுப்போட்டிகளில் ஆளுயர வெற்றிக்கிண்ணங்களுக்கும் பணப்பரிசுக்கும் அனுசரணை தாராளமாக வருகிறது. பெயர் சொல்வார்கள், படம் எடுப்பார்கள். அதே தொகையை பெப்ரவரி மாத உள்ளக மைதான வாடகைக்குத் தாருங்கள் என்று கேட்டால் ஆள் கிடைப்பதில்லை. அந்த இடத்தில் படமெடுக்க யாரும் வருவதில்லை அல்லவா?

அதனால்தான் உபயத்தைப் பற்றிச் சொல்கிறேன். கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் உபயகாரர் இருக்கிறார். மூன்றாம் திருவிழா இன்னார் குடும்பம், பூங்காவனம் இன்னார் குடும்பம் என்று தலைமுறையாக வருகிறது. கடல் கடந்து வந்த பிறகும் அந்த உபயத்தை நாம் விடவில்லை. ஒரு வீடும் முழுத் திருவிழாவையும் சுமப்பதில்லை. எல்லோரும் ஒவ்வொரு நாளைச் சுமப்பதால் தேர் ஓடுகிறது. கழகத்துக்கும் இதையே செய்யலாம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை சுமார் இருபத்தைந்து சனிக்கிழமைகள். ஒவ்வொரு சனிக்கிழமையின் மைதான வாடகையையும் ஒரு குடும்பம் எடுக்கட்டும். அப்பாவின் நினைவு நாளுக்கு அடுத்து வரும் சனிக்கிழமை, பேத்தியின் பிறந்தநாளை ஒட்டிய சனிக்கிழமை, எதுவும் பொருந்தும். அந்த நாட்களில் ஊரிலுள்ள சிறுவர் இல்லத்துக்குச் சாப்பாடு கொடுக்கிறோம், அதைத் தொடருங்கள். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாக முடியாவிட்டால் மூன்று குடும்பம் கூடி ஒரு நாளை எடுங்கள். அன்றைக்கு அங்கே போய், உங்கள் அப்பா எந்த ஊர், எந்தக் கழகத்துக்கு விளையாடினார் என்று பிள்ளைகளுக்கு இரண்டு நிமிடம் சொல்லுங்கள். ஊரெழு றோயல் என்றோ பாடுமீன் என்றோ ஒரு பெயரை அவர்கள் முதன்முதலாகக் கேட்கட்டும்.

கழக நிர்வாகிகளுக்கும் ஒரு சொல். காசு கேட்கிறவருக்குக் கணக்குக் காட்டும் கடமை உண்டு. வங்கிக் கணக்கு கழகத்தின் பெயரில் இருக்க வேண்டும், இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், ஆண்டில் ஒரு தடவை பொதுக்கூட்டம் வைத்து வரவு செலவை வாசிக்க வேண்டும். அதைச் செய்யாத கழகத்துக்குக் கொடுங்கள் என்று நான் யாரையும் கேட்க மாட்டேன். நேயர்களே, நீங்களும் வெட்கப்படாமல் கணக்கைக் கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் அதற்காகக் கோபிக்க மாட்டார்கள்.

2026 உலகக் கிண்ணத்தின் ஆறு ஆட்டங்கள் ரொறன்ரோவுக்கு ஒதுக்கப்பட்டன. அவற்றை நடத்தும் செலவு சுமார் 38 கோடி டொலர் என்று மாநகரம் கணித்தது. அந்தக் கணக்கு நம் கையில் இல்லை. பக்கத்துக் கழகத்தின் கணக்கு நம் கையில் இருக்கிறது, அதுவும் மாதம் இருபது டொலர் என்ற அளவில்.

இந்தச் சனிக்கிழமை மிலிக்கன் பூங்கா, லமறூ பூங்கா, உங்களுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போங்கள். பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் நிற்கிற பெரியவரிடம், கழகத்தின் செயலாளர் யார் என்று கேளுங்கள். வருகிற குளிர்காலத்துக்கு எத்தனை சனிக்கிழமை வாடகை இன்னும் குறைகிறது என்று கேளுங்கள். அதில் ஒன்றுக்கு உங்கள் குடும்பத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். உள்ளக மைதானங்களைக் கோடை முடியுமுன்பே பதிவு செய்ய வேண்டியிருக்கும் என்பதால், ஓகஸ்ட் கடைசிக்குள் காசு கைக்கு வந்தால்தான் அவர்களால் காலை நேரத்தை எடுக்க முடியும்.