வீட்டுக் கணினிக்குக் காவல்

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘வைரசு’ என்னும் சொல் இலத்தீன் மொழியில் நஞ்சினைக் குறிப்பது. ஆகலின், அதனை ‘நச்சுநிரல்’ என நாம் வழங்குவது முற்றும் பொருந்துவதே. பிற கோப்புகளில் ஒட்டிக்கொண்டு தன்னைப் படியெடுத்துப் பரவுவது நச்சுநிரல். ஒட்டுதற்குக் கோப்பு வேண்டாது வலையமைப்பின் வழியே தானே ஊர்ந்து செல்வது புழு. இவையும் இவைபோல்வன பிறவும் தீநிரல் என்னும் பெயருள் அடங்கும். பெயர் அறிந்தோம், இனி அவை வரும் வழியறிதல் வேண்டும்.

ஒரு வழி, நாமே திறந்துவிடும் கதவு. 2000 மே 4 அன்று பிலிப்பைன்சு நாட்டினின்று கிளம்பிய ‘ஐ லவ் யூ’ என்னும் புழு, காதல் மடலென்று மின்னஞ்சலின் இணைப்பாக வந்தது. எழுத்துக் கோப்புப் போலத் தோன்றிய அதன் பெயரின் ஈற்றில், அஃது இயங்கும் நிரல் எனக் காட்டும் மூன்றெழுத்து மறைந்திருந்தது. திறந்தவரின் படக்கோப்புகள் அழிந்தன. அவர்தம் முகவரிப் பட்டியலில் இருந்தோர்க்கெல்லாம் அவர் பெயராலேயே அது சென்றது. அறிந்தவர் விடுத்ததாயினும், எதிர்பாராத இணைப்பைக் கேட்டறியாது திறவற்க!

மற்றொரு வழி, நாம் அடைக்காது விட்ட ஓட்டை. 2017 மே 12 அன்று ‘வான்னாக்ரை’ எவரும் எதனையும் திறவாமலே கணினிவிட்டுக் கணினி தாவியது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2 இலக்கத்திற்கு மேற்பட்ட கணினிகளைத் தாக்கிக் கோப்புகளைப் பூட்டி, 300 தாலர் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் மருத்துவப் பணியே தடைப்பட்டது. அவ்வோட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்டு நிறுவனம் மார்ச் 14-ஆம் நாளே வெளியிட்டிருந்தது! மருந்து வந்தும் உண்ணாதார் நோயுற்ற கதை இது.

ஆகவே, திருத்தங்கள் தாமே வந்து பதியுமாறு அமைத்துவிடுக. விண்டோசு 10 பதிப்பிற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதனை வைத்திருப்போர் புதிய பதிப்பிற்கோ லினக்சிற்கோ மாறுதல் நன்று. விண்டோசிலேயே உள்ள காவல்நிரலை அணைக்கற்க. திருட்டுப்படி மென்பொருளை நிறுவற்க. விலையின்றி வருவது பெரும்பாலும் விலைகொள்ளவே வரும். அன்றாடப் பணிக்கு முழு உரிமையில்லாக் கணக்கைப் பயன்படுத்துக.

நம் இல்லங்களில் வேறோர் இடரும் உண்டு. கணினி காட்டும் எச்சரிக்கை ஆங்கிலத்தில் இருத்தலால், முதியோர் பலர் பொருளறியாமலே இசைவுப் பொத்தானை அழுத்திவிடுகின்றனர். விண்டோசின் திரைமொழியைத் தமிழாக்க வழியுண்டு. இளைஞர்களே, அதனை உங்கள் பெற்றோர்க்கு அமைத்துக் கொடுங்கள்! தாய்மொழியில் படித்த எச்சரிக்கையே எச்சரிக்கையாம்.

இத்துணைக் காவலையும் மீறித் தீநிரல் புகுமாயின் நம்மைக் காப்பது படியொன்றே. பனையோலைச் சுவடி ஒவ்வொரு தலைமுறையிலும் படியெடுக்கப்பட்டமையால் அன்றோ பழந்தமிழ் நூல்கள் நம் கைக்கு வந்தன? படியெடாதவை கறையானுக்கு இரையாயின. உங்கள் கட்டுரைகளையும் குடும்பப் படங்களையும் புறவட்டொன்றில் படியெடுத்து, எடுத்த உடனே அதனைக் கணினியினின்று கழற்றி வையுங்கள். இணைந்தே கிடக்கும் படியும் உடன் பூட்டப்படும்.

ஏட்டைக் கறையானுக்குக் கொடுத்த நாம், கோப்பையும் கள்வனுக்குக் கொடுத்தல் ஆகாது. இன்றிரவே படியெடுங்கள்!