தம்பியேன்



கணக்குப் பார்க்கிறவனுக்கு நாடகத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

2000களின் நடுப்பகுதியில் நாங்கள் நியூ ஜேர்சியில் பசேக் நகரில் வாடகைக்கு இருந்தோம். பகலில் அம்மா வீட்டில் தனி. ஆங்கிலம் தெரியாது. கீழ் வீட்டில் மெக்சிக்கோவின் புவெப்லா மாநிலத்துக் குடும்பம். அந்த வீட்டு அம்மாவுக்கும் ஆங்கிலம் தெரியாது. இருவரையும் சேர்த்துவைத்தது யூனிவிஷனின் 41ஆம் அலைவரிசைதான். பின்னேரமானால் ஒரே சோபாவில் இருந்து நாடகம் பார்த்துச் சேர்ந்து அழுவார்கள்.

ஒருநாள் அவர் பழைய நாடகம் ஒன்றின் டிவிடியைத் தந்துவிட்டார். 1979இல் மெக்சிக்கோவில் தொடங்கிய 'லொஸ் ரிக்கொஸ் தம்பியேன் யோரான்'. பெயரைக் கேட்டதும் அம்மா, "என்ன ராசா, தம்பி எண்டெல்லோ சொல்லுறா?" என்றார்.

"இல்லையம்மா. தம்பியேன் எண்டால் எங்கட 'உம்' மாதிரி. பணக்காரரும் அழுவினம் எண்டு அர்த்தம்."

அம்மா பிறகு ஒன்றும் கதைக்கவில்லை. 1996இல் யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் கடைக்குப் போன என் தம்பி திரும்பி வரவில்லை.

கியூபா எழுத்தாளர் இனெஸ் ரொதேனாவின் வானொலிக் கதையிலிருந்து பிறந்த நாடகம் அது. வெரோனிக்கா காஸ்ட்ரோ நடித்த மரியானா, பணக்கார வீட்டில் அடைக்கலம் பெற்ற அநாதைப் பெண். அந்த வீட்டு மகனையே மணக்கிறாள். கணவனின் சந்தேகத்தால் மனம் பேதலித்து, கைக்குழந்தையைத் தெருவில் லொத்தர் சீட்டு விற்கும் பெண்ணிடம் கொடுத்துவிடுகிறாள். பிறகு வருடக்கணக்காகத் தேடுகிறாள். வளர்ந்த மகனைக் கண்டுபிடித்த பிறகும், அவன் யாரென்று கணவனிடம் சொல்ல முடியாமல் தவிக்கிறாள்.

சோவியத் ஒன்றியம் உடைந்த 1991, 92 காலத்தில் ரஷ்யாவே இந்த நாடகத்தைப் பார்த்து அழுதது. நாடு இல்லாமற்போனவர்களுக்கு அந்த அழுகை விளங்கியிருக்கும்.

அந்த நேரம் எங்கள் வீட்டில் வேறொரு பிரச்சினை. ஊரில் அப்பாவின் காணியைப் பிரிக்கவேண்டும். பல வருடம் ஆகிவிட்டது, தம்பி இறந்துவிட்டதாக விண்ணப்பிக்கலாம் என்றார்கள். படிவத்தை நிரப்பி, அம்மாவின் கையெழுத்துக்காக வைத்திருந்தேன். வணிகம் படித்தவன் அல்லவா? தொங்கற் கணக்கை எப்படியும் முடித்துவிட வேண்டும் என்பதுதான் என் புத்தி.

கடைசி டிவிடி முடிந்த இரவு, அம்மா படிவத்தை என்னிடம் நீட்டினார். கையெழுத்து இல்லை.

"இவளும் கையெழுத்து வைச்சிருந்தால், அந்தப் பிள்ளை வரேக்க ஆர் கதவு திறக்கிறது?"

'அது நாடகம் அம்மா' என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. படிவத்தை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.

2011இல் அம்மா போய்விட்டார். ஒருவர் இறந்துவிட்டார் என்று எழுதாமல், காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு இலங்கையில் 2016இல் தான் சட்டம் வந்தது. அம்மா கேட்டது அவ்வளவுதான். காணி இன்னும் பிரிக்கப்படவில்லை. அது கிடக்கட்டும்.

நேயர்களே, வீட்டில் அம்மாமார் நாடகம் பார்த்து அழும்போது சிரிக்காதீர்கள். பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் இருங்கள். யாருக்காக அழுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியவரும்.