ஆர்ப்பரிப்பும் அச்சமும்

2017 பிப்ரவரியில் கேரளத்தில் நடிகை ஒருவர் ஓடும் காரில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். சதிக் குற்றச்சாட்டில் கைதான முன்னணி நடிகர் 85 நாட்களுக்குப் பின் பிணையில் வெளிவந்தபோது, ஆலுவா சிறைவாயிலில் ரசிகர்கள் ஆர்ப்பரித்தனர். 2025 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் அவரை விடுவித்தது. வேறு அறுவர் தண்டிக்கப்பட்டனர். ஆர்ப்பரித்தவர்கள் அத்தீர்ப்பை அன்றே படித்திருந்தார்களா? அவர்கள் கண்டது திரைநாயகனை மட்டுமே. பாதிக்கப்பட்டவரும் அதே தொழிலின் உழைப்பாளி என்பது மறைந்துபோயிற்று.

நடிகர் சங்கத்தின் பெயரோ ‘அம்மா’! 2018 ஜூனில் அது குற்றஞ்சாட்டப்பட்டவரை மீண்டும் சேர்க்க முடிவெடுத்தது. பாதிக்கப்பட்டவர் உள்ளிட்ட நான்கு நடிகைகள் விலகினர். புகார் சொன்னால் வாய்ப்புப் பறிபோகும் என்ற அச்சத்தை நீதிபதி ஹேமா குழு பதிவுசெய்தது. 2019 டிசம்பரில் அளிக்கப்பட்ட அவ்வறிக்கை 2024 ஆகஸ்டில்தான் வெளியானது. அதுவரை அதை வைத்திருந்தது இடது முன்னணி அரசே என்பதைத் தோழர்கள் மறைக்க வேண்டியதில்லை.